சைபர் அக்கா நடந்த வழி

நகராட்சியின் பழைய தலைமை அலுவலகத்தில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை இருந்தது. படிகளோடு சேர்ந்து அதன் கூரையும் சரிந்திருக்கும். நடுவில் நிமிர்ந்து நிற்கலாம், ஓரத்தில் குனிந்தே ஆகவேண்டும். சன்னல் கிடையாது. நகரெங்கும் சிதறிக் கிடந்த பிரிவுகள் அனைத்தையும் அவ்வறையிலிருந்து தொலைபேசிக் கம்பியால் கோத்து வைத்திருந்தவள் ஒரு பெண். எந்தப் பிரிவிலிருந்து யார் யாரிடம் பேசுவதானாலும் முதலில் சைபரை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் குரல் வரும். ஆகவே அவள் சைபர் அக்கா. பெற்றோர் இட்ட பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

பிறவியிலேயே கண்ணொளி பெறாதவள். வேலைக்கான ஆணை வந்த அன்று வீட்டில் மகிழ்ந்தவர்கள் குறைவு. தந்தை சொன்னார்: "தினமும் யாராவது கையைப் பிடிச்சு நாற்காலியில உக்கார வைக்கணும். ஊரார் தயவுல ஒரு உத்தியோகமாம்மா?"

"என் நாற்காலிக்கு நானே நடந்து போவேன்பா. என்னைக்கு இன்னொருத்தர் கையைப் பிடிச்சு அதுல போய் உக்காருறேனோ, அன்னைக்கே வேலையை விட்டுடுறேன்."

தந்தை மறைந்து ஆண்டுகள் பல கடந்தும் அந்தச் சொல் மறையவில்லை. தங்கை வீட்டில் ஓர் அறையில் வாழ்ந்துவந்த அவளை, காலையில் பேருந்து ஏற்றிவிடும்போதெல்லாம் தங்கை கேலி செய்வாள்: "யாரும் கையை நீட்டினா பிடிச்சிடாதே. அப்புறம் நாள் முழுக்க வீட்டுல என் மூஞ்சியைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

பேருந்து அலுவலக வாசலிலேயே நிற்கும். இறங்கியதும் மடக்குக் கோலை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவாள். சரளைக்கல் காலுக்குத் தெரியும். அதைக் கடந்தால் கருங்கற்படி. படியேறியதும் இடக்கை சுவரைத் தொடும். அதன்பின் அச்சுவரே வழித்துணை. காரை உதிர்ந்த சொரசொரப்பு, சன்னல் கம்பி, அறிவிப்புப் பலகையின் மரச்சட்டம், எவ்வளவு திருகினாலும் சொட்டும் குழாய், அதையடுத்துக் கதவு. ஆண்டாண்டாய் ஒரே உயரத்தில் உள்ளங்கை உரசிச் சென்றதனால், சுவரில் இடுப்பளவில் கரிய கோடொன்று நீளமாக விழுந்திருந்தது. வெள்ளையடிப்பவர் அதன்மேல் மட்டும் கூடுதலாக ஒரு பூச்சுப் பூசுவார். சில மாதங்களில் கோடு மீண்டும் மேலெழும்.

"உங்க கையில என்னக்கா, மையா இருக்கு?"

"இல்லண்ணே. உங்க சுண்ணாம்புலதான் தண்ணி அதிகம்."

அவள் பார்வையற்றவள் என்பதே தலைமை அலுவலகத்தாருக்கு நாளடைவில் மறந்துபோயிற்று. மின்சாரம் நின்றால், "அக்கா, ஒரே இருட்டு, பாத்து வாங்க" என்பார்கள். "நான் வந்துடுவேன். நீங்க மோதிக்காம நில்லுங்க" என்பாள். வெளிப் பிரிவுகளில் இருந்தவர்களுக்கோ அச்செய்தி மறக்கவும் இல்லை, தெரியவும் இல்லை. அவர்களுக்கு அவள் ஒரு குரல், அவ்வளவே. கேட்டவர் இல்லாததனால் அவளும் சொன்னதில்லை.

அவர்களுள் ஒருவர் குடிநீர்ப் பிரிவின் எழுத்தர். அப்பிரிவு நகரின் மறுகோடியில், பெரிய நீர்த்தொட்டிக்கு எதிரே, வாடகைக் கட்டடம் ஒன்றில் இயங்கிற்று. குழாயில் நீர் வரவில்லை என்று முறையிட வருவோரிடம் நாள் முழுதும் ஏச்சு வாங்குவது அவர் பணி. இருக்கையை விட்டு எழ நேரமில்லாத மனிதர். தலைமை அலுவலகத்துப் பக்கம் வந்ததே இல்லை. பொறியாளரிடம் பேசுவதற்காகச் சைபரை அழுத்துவார். பொறியாளர் பெரும்பாலும் இருக்கமாட்டார். அவர் வரும்வரை இவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"லைன்ல இருங்க, தண்ணி சார்."

"தண்ணி சார்னு கூப்பிடாதீங்கக்கா. வீட்டுல காதுல விழுந்தா தப்பா நினைப்பாங்க."

"வீட்டுல யாரு இருக்கா?"

"இப்ப யாரும் இல்லை. போன வருஷம் வரைக்கும் சம்சாரம் இருந்தா."

அன்று பொறியாளர் வந்தும் அவள் உடனே இணைப்புக் கொடுக்கவில்லை.

மற்றொரு நாள் அவள் கேட்டாள்: "என்னைவிட மூத்தவர் என்னை அக்கான்னு கூப்பிட்டா எனக்கு வயசு ஏறுதே?"

"அப்ப தங்கச்சின்னு கூப்பிடவா?"

"வேண்டாம். அக்காவே இருக்கட்டும்."

இருவரும் சிரித்தார்கள். ஏன் வேண்டாம் என்று அவரும் கேட்கவில்லை.

தன் அறையில் சன்னல் இல்லை என்பதை மட்டும் அவள் சொல்லியிருந்தாள். அது பொய்யன்று. அதனால் காலைதோறும் தம் சன்னலில் தெரிவதை அவர் சொல்வது வழக்கமாயிற்று. "இன்னைக்கு டேங்க் மேல ரெண்டு கொக்கு. ஒண்ணு ஒத்தைக்கால்ல நிக்குது, நம்ம மேலதிகாரி மாதிரி." "ஏணியில ஒருத்தன் ஏறுறான், பாதியில பயந்துபோய் நிக்கிறான்." "மேகம் கருப்பா வருது. இப்ப உங்க பக்கம் வந்துடும் பாருங்க." பார்க்கிறேன் என்பாள். சிறிது நேரத்தில் திறந்த மாடிப்படியின்மேல் மழை விழும் ஓசை கேட்கும். வந்துவிட்டது என்று திரும்பச் சைபரிலிருந்து அழைத்துச் சொல்வாள். காணாத ஒன்றின்மேல் அன்பு வைப்பது அடியவர்க்கு இயல்பு. அலுவலகங்களில் அது அரிதாகவே நேர்கிறது. நேர்ந்தபோதும் அதற்கு ஒருவரும் பெயரிடுவதில்லை.

பிரிவுகளையெல்லாம் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவரும் திட்டம் வந்தபோது அதை முதலில் வரவேற்றவள் அவளே. பழைய கட்டடத்தில் மழைக்காலந்தோறும் காரை பெயர்ந்து மேசைகளில் விழுந்தது. அதைவிடக் கொடிது மக்கள் பட்ட பாடு. ஒரு வீட்டுக்கு வரி கட்டச் சென்றவரைக் கட்டட அனுமதிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அது நகரின் வேறொரு மூலை. அங்கிருந்து குடிநீர்ப் பிரிவுக்கு. அது இன்னொரு மூலை. இப்படி அலைபவர்களின் மூச்சிரைப்பைத் தொலைபேசி வழியே நாள்தோறும் கேட்டவள் அவள். "எல்லாம் ஒரே இடத்துல இருந்தா இந்த சனங்க செருப்பாவது தேயாம இருக்கும்" என்பாள்.

பழைய கட்டடத்தின் பின்புறத்து வெற்றிடத்தில் புதியது எழுந்தது. பொறியாளர் அவளுக்கு நல்ல அறையாக ஒதுக்கினார். தெருப்பக்கம் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல் அதற்கு இருந்தது. சொல்லும்போதே அவள் பார்வையற்றவள் என்பது நினைவுக்கு வந்து அவர் நாக்கைக் கடித்துக்கொள்ள, அவள் சிரித்தாள்: "இருக்கட்டும் சார். வர்றவங்க பாப்பாங்க."

வரப்போகிறவர் யார் என்பது அவள் உள்ளத்தில் இருந்தது. "ஒரே கட்டடம் ஆனதும் முதல் வேலையா உங்களைப் பாக்கணும்க்கா" என்று தண்ணி சார் சொல்லியிருந்தார். தன் நாற்காலியில், தன் தொலைபேசி இணைப்புப் பலகைக்கு முன்னால், தன் அறையில் வைத்து அவர் தன்னைக் காணவேண்டும் என்று அவள் விரும்பினாள். கண் இல்லை என்பதை அங்கே வைத்துச் சொல்லிவிடலாம். அங்கே அது ஒரு குறையாகத் தோன்றாது. அவள் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

திறப்புக்கு முன், புதிய கட்டடத்தின் கூடம் வெறுமையாக இருந்த ஒரு மாலையில் பொறியாளர் அவளை அழைத்துச் சென்று வழி சொல்லித் தந்திருந்தார். வெறுங்கூடத்தில் அது எளிதாகவே இருந்தது. திறப்பு முடிந்து மக்கள் நுழைந்த முதற்காலையில் அவ்வழி எங்கோ போயிற்று. தொடுவதற்குச் சுவர் இல்லை. எல்லாப் பிரிவுகளும் ஒரே கூடத்தில் திறந்து கிடந்தன. மேற்கூரையின் மெத்தைப் பலகைகள் ஓசையை விழுங்கின. எண்களைக் கூவும் பதிவுக் குரலோ எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. விரித்த கோல் பிறர் கால்களில் இடித்தது, வெட்கி மடித்துக்கொண்டாள். வரிசைக்காக எஃகுக் கம்பங்களை நிறுத்தி நாடா கட்டியிருந்தார்கள். கை அதில் பட்டதும் அதைப் பற்றி நடந்தாள். அது வளைந்து வளைந்து சென்றது.

"கண்ணு தெரியாதவங்க வர்றாங்க, முன்னாடி விடுங்கப்பா" என்றார் ஒருவர். நல்ல மனிதர்கள். ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். நாடா முடிந்த இடத்தில் ஒரு மேசை விளிம்பு அவள் வயிற்றில் பட்டது.

"உதவித்தொகைக்கா வந்தீங்க? அது இந்த கவுண்டர் இல்லைம்மா. அந்தப் பக்கம்."

முதல் எழுத்திலேயே அக்குரலை அறிந்தாள். கொக்குகளைச் சொன்ன குரல்.

வாயைத் திறந்தால் அவரும் அறிந்துவிடுவார். உதவித்தொகை கேட்டு வந்தவளாய், பையை மார்போடு அணைத்து, கூட்டத்தின் நடுவே வழி தவறி நின்ற அந்தக் கோலத்தில் அவர் தன்னை அறிவதை அவளால் தாங்க இயலவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

"அம்மா, நான் சொல்றது கேக்குதா?"

"பேச்சும் வராது போல சார், பாவம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நாற்காலி நகர்ந்தது. அவர் எழுந்து வந்தார். செருப்பு ஒன்று கீச்சிட்டது. தலைவலித் தைலத்தின் மணம் வந்தது. அவளுடைய கையைப் பற்றினார். பற்றிய விதத்தில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கமே அவளைச் சுட்டது. மெல்ல நடத்திச் சென்று ஒரு பெஞ்சில் அமர்த்தினார். "இங்கேயே இருங்கம்மா. கூப்பிடுவாங்க." கையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் அங்கேயே இருந்தாள். கூடம் துடைக்கும் பெண்மணி வந்து கண்டாள். அவளை எல்லாரும் வாளியம்மா என்பார்கள்.

"என்னக்கா இது, மனு குடுக்க வந்தவங்க மாதிரி இங்க உக்காந்திருக்கீங்க?"

"பெஞ்சு புதுசாச்சே. நல்லா இருக்கான்னு பாத்தேன்."

"கையைக் குடுங்க, கூட்டிக்கிட்டுப் போறேன்."

"கை வேண்டாம். நீ வாளியைத் தட்டிக்கிட்டே முன்னால போ. நான் பின்னாலேயே வர்றேன்."

வாளியின் ஓசையைப் பற்றிக்கொண்டு தன் நாற்காலியை அடைந்தாள். அமர்ந்ததும் பலகை ஒலித்தது.

"என்னக்கா, வந்துட்டீங்களா? காலையிலேருந்து நாலு தடவை அடிச்சேன்."

"கொஞ்சம் சுத்திட்டேன்."

"பெரிய கட்டடம்ல. இங்கயும் ஒரு அம்மா வழி தெரியாம வந்துட்டாங்க. கண்ணு தெரியலை, வாயும் பேச வராது போல. கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். கை சில்லுன்னு இருந்துச்சுக்கா. மனசே சரியில்லை."

"நல்ல காரியம்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள். குரல் வழக்கம்போலவே வந்தது.

"உங்க ரூம் எது? இப்ப வரவா?"

"இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வாங்க."

மறைத்துக்கொண்டே இருப்பது அவள் இயல்பன்று. அன்றிரவு தங்கையிடம் எல்லாம் சொன்னாள். தங்கை முதலில் தந்தைக்குக் கொடுத்த வாக்கைத்தான் நினைத்தாள். "அப்ப கையைப் பிடிச்சிட்டியே?"

"பெஞ்சுக்குத்தானே. நாற்காலிக்கு இல்லையே."

"வக்கீல் வேலைக்குப் போயிருக்கலாம் நீ."

மறுநாள் சலவைப் புடவை உடுத்தி, இன்னொரு நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு, கதவை நோக்கி அமர்ந்திருந்தாள். நண்பகலில் செருப்பின் கீச்சொலி வந்தது. வாசலில் நின்றது. தைலத்தின் மணம்.

"வாங்க தண்ணி சார்" என்றாள். "ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு வச்சிருக்கேன்."

மூச்சு மட்டும் கேட்டது. ஏதோ சொல்ல எடுத்து, எடுத்த இடத்திலேயே நின்றுபோன மூச்சு. அவள் கை நீட்டவில்லை. அவர் உள்ளே வரவில்லை. பிறகு கீச்சொலி திரும்பியது. தொலைவில் கூடத்து இரைச்சலில் கலந்து மறைந்தது.

"போனா போகட்டும் அந்த ஆளு" என்றாள் அன்றிரவு தங்கை. "கண்ணு இல்லைன்னா குரல் மாறிப்போச்சா?"

"அவரைத் திட்டாதே. அவரு வாயாலதானே உதவித்தொகைன்னு கேட்டாரு. என் குரல் காதுல விழுறப்பல்லாம் அதுதானே அவருக்கு ஞாபகம் வரும்."

அதன்பின் அவர் சைபரை அழுத்தவில்லை. அழுத்த வேண்டிய தேவையும் இல்லாமற்போயிற்று. ஒரே கூடத்தில் அமர்ந்தவர்கள் எழுந்துபோய்ப் பேசிக்கொண்டார்கள். வெளி அழைப்புகள் நேராகவே அந்தந்த மேசைக்குப் போயின. கட்டடத்தின் பயன் மக்களுக்குக் கிடைத்தது. ஒரு நாள் ஒரு கிழவர், நான்கு பிரிவின் வேலையும் காலைக்குள் முடிந்ததென்று அவள் அறை வாசலில் யாரிடமோ சொல்லிச் சென்றார். அதைக் கேட்டு அவள் உண்மையாகவே மகிழ்ந்தாள். தன் பலகை ஒலிக்காமல் கிடந்ததையும் அவளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலைகளில் வாளியம்மாவின் ஓசைக்காக வாசலில் காத்து நிற்பது வழக்கமாயிற்று. அப்படி நின்ற ஒரு காலையில், தூணைத் தேடிய இடக்கையில் நாடா தட்டுப்பட்டது. பற்றி நடந்தாள். இந்த முறை அது வளையவில்லை. இடுப்பளவு உயரத்தில், ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு, நேராக ஓடி அவள் அறைக் கதவில் போய் முடிந்தது. பழைய சுவரைத் தொட்டதுபோல் இடக்கைக்கே அமைந்திருந்தது.

"இதை யாரு கட்டினது?"

"தண்ணி செக்சன் சாரு. ராத்திரி நாங்க தரை கழுவ கம்பத்தையெல்லாம் ஓரமா தள்ளிடுவோம்ல? காலையில எல்லாருக்கும் முன்னால வந்து இழுத்து இழுத்துக் கட்டுறாரு. எதுக்குன்னு மேனேஜர் கேட்டதுக்கு, கூட்டம் ஒழுங்கா போகும்னு சொன்னாரு." வாளியம்மா குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குச் சொந்தமாக்கா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

குடிநீர்ப் பிரிவின் எண்ணை நோக்கி அன்று அவள் விரல் பலமுறை சென்றது. அவர் பேசாமல் செய்வதைத் தான் பேசி அவிழ்த்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் மீட்டுக்கொண்டாள். இவ்வாறு மாதங்கள் கழிந்தன. நகரின் இரு கோடியில் இருந்தபோது நாள் தவறாமல் பேசியவர்கள், ஒரு கூடத்தின் இரு பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு சொல்லும் பேசவில்லை. நாளும் காலையில் நாடா மட்டும் கட்டப்பட்டிருந்தது. அவர் விரல் பட்ட இடங்களில் அவள் விரல் பட்டுச் சென்றது.

வண்டிகள் நிறுத்த இடம் வேண்டுமென்று பழைய கட்டடத்தை இடிக்கத் தொடங்கினார்கள். நாள் முழுதும் இடியோசை. மாடிப்படி விழுந்த ஓசையை அவள் தனியே பிரித்தறிந்தாள். அந்த வாரத்தில் ஒரு மாலை, எல்லாரும் எழும் நேரத்தில், பலகை ஒலித்தது.

"சைபர்" என்றாள்.

அந்தக் குரல். முதுமை சற்றுக் கூடியிருந்தது.

"என் சீட்டுக்குப் பின்னால ஜன்னல் இருக்குக்கா. பழைய கட்டடம் தெரியுது. எல்லாம் இடிச்சாச்சு, ஒரு சுவர்தான் பாக்கி. நடுவுல ஒரு சன்னல் கம்பி. ஓரத்துல ஒரு குழாய்." நிறுத்தினார். "சுவத்துல இடுப்பு உயரத்துல ஒரு கோடு இருக்கு. கருப்பா, நீளமா. எத்தனையோ வருஷம் ஒருத்தர் தொட்டுக்கிட்டே நடந்த மாதிரி."

"ம்" என்றாள்.

"வெயில் விழுது அதுமேல. நல்லா இருக்கு."

"வேற என்ன தெரியுது?"

"வேற ஒண்ணும் இல்லைக்கா. அவ்வளவுதான்."

வைத்துவிட்டார். வைத்த பின்னும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் அவள் அமர்ந்திருந்தாள். வெளியே கூடத்தில் யாரையோ வாழ்த்தினார்கள். கைதட்டல் எழுந்து அடங்கியது.

மறுநாள் காலையில் வாசலில் நின்று இடக்கையை நீட்டினாள். நாடா இல்லை. கையைச் சற்று உயர்த்தினாள், தாழ்த்தினாள். காற்றே இருந்தது. கழுவிய தரையின் ஈரமணம் மட்டும் வந்தது.

வாளியம்மா ஓடி வந்தாள். "ஓரத்துல கிடக்கிற கம்பத்தை இன்னும் யாரும் எடுத்து வைக்கலைக்கா. தண்ணி சாருதான் நேத்தோட ரிட்டயர் ஆயிட்டாரே. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாரு."

"இருங்க, நானே இழுத்துக் கட்டிடுறேன். இல்லை, வாளியைத் தட்டவா?"

எண்களைக் கூவும் குரல் அன்றைய முதல் எண்ணைக் கூவிற்று. மக்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"வேண்டாம்" என்றாள். "கையைக் குடு. நாற்காலி வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போ."